மூன்றாவது முறை கூப்பிடும்வரை

அறுபதைத் தாண்டியவர்கள் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இதற்குப் பொறுமை இருக்காது. ஒரு பெயரைக் கூப்பிட்டால் அதற்கு ஆள் இருக்குமா இருக்காதா என்ற கவலை நம் வயதில்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேத்தி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனில் பேய்ப்படம் பார்த்தாள். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். நாற்பது நிமிடத்தில் ஒன்பது தடவை கத்தினாள். அதில் ஆறு, திரையில் எதுவும் வருவதற்கு முன்னால். வந்த பிறகு மூன்றுதான். அது முழுதாக வந்து விளக்கடியில் நின்றபோது கொட்டாவி விட்டாள். எனக்கு அது சந்தேகமாக இருந்தது. வராததற்கு இவ்வளவு கத்துகிறவள், வந்ததற்கு ஏன் கொட்டாவி விடுகிறாள்?

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தெரியாத எண்.

"எடுங்க தாத்தா."

"ரெண்டுதான் அடிச்சிருக்கு. மூணாவது அடிக்கட்டும்."

"அது பேய் இல்ல தாத்தா. லோன் வேணுமான்னு கேப்பாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

அவள் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னாராம், படத்தில் வரும் ஒவ்வொரு பேயும் நமக்குள் இருக்கும் ஒரு பயத்தின் உருவமாம். "உங்க பேய் எது தாத்தா?" என்று கேட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு பேய்ப்படம் பார்த்திருக்கிறேன். அதையே ஐந்து தடவை பார்த்தேன். பார்த்த இடம், போர்ட் பிளேருக்குத் தெற்கே கடலுக்குள் கிடக்கும் கட்சால் தீவு.

கட்சாலில் அரசாங்க ரப்பர்த் தோட்டம் இருந்தது. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தினார்கள். அப்படிப் போனவர்களில் நாங்களும் உண்டு. எனக்கு வயது பதினொன்று. எங்கள் வரிசையில் எட்டு வீடு. அரசாங்கம் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தது, நாங்கள் பழைய பழக்கத்தில் லயம் என்றுதான் சொன்னோம். மேனேஜரைத் தொரை என்றோம். காலையில் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்றோம். குளிரில் போர்த்திய கறுப்புக் கம்பளிகளைக்கூட மறக்காமல் கொண்டுவந்திருந்தோம். கட்சால் வெயிலில் அவை பெட்டிக்குள்ளேயே கிடந்தன. எங்கள் பெட்டியில் நான்கு கம்பளி. வீட்டில் இருந்தது மூன்று பேர்.

நான்காவது கம்பளி அண்ணனுடையது. அண்ணனுக்கு வயது வந்துவிட்டதால் இந்தியாவுக்கு வர அவனுக்குத் தனி மனு. எங்கள் பெயர் பட்டியலில் வந்தது, அவன் பெயர் வரவில்லை. ரயில் புறப்படும்போது அம்மாவிடம், "அடுத்த லிஸ்ட்ல எம்பேரு வந்துரும்மா, கம்பளிய நீ கொண்டு போ, நான் பின்னாலயே வந்துர்றேன்" என்றான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு கூப்பிடுதலாகிவிடுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த வருஷம் மழை தொடங்கியதும், போர்ட் பிளேரிலிருந்து வந்த கப்பலில் சினிமா காட்டுகிற ஆபரேட்டர் இறங்கினார். மெலிந்த மனிதர், கொஞ்சம் விந்தி நடப்பார். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, படச்சுருள் அடைத்த நான்கு தகர டப்பாக்கள், ஒரு நீளமான நோட்டு. பத்து நாளில் அடுத்த கப்பல், அதில் திரும்பிவிடுவேன் என்றார். அடுத்த கப்பல் நாற்பத்தாறாவது நாள்தான் வந்தது.

மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பால் இல்லாவிட்டால் புகைக்கூடத்தில் தொங்கவிட ரப்பர் ஷீட்டும் இல்லை. ஆகவே புகைக்கூடம் காலியாகக் கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் கரி. இரண்டு ஜன்னலிலும் சாக்கைக் கட்டினால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. ஜெனரேட்டரை மாலை ஐந்து மணிக்கு மேல் ஓட்டக் கூடாது என்று உத்தரவு. அதனால் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் படம். பேய்ப்படத்தைப் பட்டப்பகலில் பார்த்தவர்கள் நாங்கள்தான் என்று நினைக்கிறேன். புகைந்த ரப்பரின் நாற்றம் இன்றும் எங்காவது மூக்கில் பட்டால், பின்னால் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்க்கிறேன்.

முதல் ஞாயிறு நாற்பத்து மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். படம் இந்தி. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனால் அந்தப் படத்துக்குப் பாஷை தேவைப்படவில்லை. மலையில் ஒரு பங்களா, மழை, மூடுபனி. தலையிலிருந்து கால்வரை கறுப்புப் போர்வை மூடிய உருவம் ஒன்று லாந்தரோடு வரும். ஒரு கதவைத் தட்டும். உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். பதில் கொடுத்தவர் எழுந்து வெளியே போவார், திரும்பி வரமாட்டார். கதவு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு டப்பா முடிவதற்குள் இப்படி நான்கு பேர் போனார்கள். எங்கள் பெண்கள் பலர் மூச்சுவிடவில்லை. மூடுபனியில் கம்பளி போர்த்திக்கொண்டு நடமாடியவர்கள் நாங்கள்தானே. திரையில் வந்தது வேற்று உருவம் மாதிரியே தெரியவில்லை.

இரண்டாவது டப்பாவின் கடைசியில் அந்த உருவம் கதாநாயகியின் கதவைத் தட்டியது. அவள் திறந்தாள். போர்வையை விலக்கக் கையை நீட்டினாள். அதோடு சுருள் முடிந்தது. ஆபரேட்டர் மூன்றாவது டப்பாவை மாட்டினார்.

திரை முழுவதும் ஒரு கொசு.

கண், கொம்பு, மயிர் மூடிய கால்கள், ஊசிபோல மூக்கு. அது ஒரு மனிதக் கையில் உட்கார்ந்து ரத்தம் குடித்தது. புகைக்கூடமே அலறியது. ஒரு ஆண்குரல் இந்தியில் கண்டிப்பாக என்னவோ சொன்னது. பிறகு ஜனங்கள் பானைத் தண்ணீரைக் கவிழ்த்தார்கள், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார். நான்காவது டப்பாவில் பங்களா எரிந்தது, கதாநாயகி கதாநாயகன் தோளில் சாய்ந்து அழுதாள். எங்களுக்குக் கதை தெளிவாகப் புரிந்தது. போர்வைக்குள் இருந்தது கொசுமுகப் பேய். பானையைக் கவிழ்த்து மாத்திரை தின்றால் அது எரிந்து போகும்.

ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அரே! டப்பா மாறிடுச்சு! இது மலேரியா படம். நம்ம மூணாவது டப்பா போர்ட் பிளேர்லயே ரஹ் கயா!"

அவருடைய தமிழ் அப்படித்தான். வெள்ளைக்காரன் கைதிகளை அனுப்பிய காலத்தில் வந்த குடும்பமாம், தீவிலேயே பிறந்தவர். ஒரு வாக்கியத்தில் பாதி இந்தியாக இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுக் கங்காணிக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். கங்காணி, பெயருக்குத்தான் கங்காணி. கூலிகளை மேய்க்கிற வேலை இலங்கையோடு போய்விட்டது, அதிகாரம் மட்டும் கூடவே கப்பலேறி வந்திருந்தது.

"தமிழ் பேசுறான், ஆனா தமிழன் மாதிரியா பேசுறான்?" என்றார் அன்று மாலை. "டப்பா மாறிப்போச்சாம். கேக்கிறவன் கேனையனா? அந்த நாலு பேரையும் அது எங்க கொண்டு போச்சுங்கிறது அந்த டப்பாவுலதான் இருக்கு. அத நம்ம பாக்கக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சிருக்கான்."

அப்பா, "சினிமாதானே அண்ணே" என்றார்.

"சினிமாதான். பேரச் சொல்லிக் கூப்புட்டுக் கப்பல்ல ஏத்துனானே, அது என்ன? அதுவும் சினிமாவா?"



கங்காணிதான் அந்தச் சட்டத்தையும் போட்டார். ஊரில் சொல்வார்களே, ஆவி மூன்றாவது தடவை கூப்பிடாது என்று. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் பதில் கொடுக்க வேண்டும். அது புருஷனாக இருந்தாலும் சரி, பெண்டாட்டியாக இருந்தாலும் சரி. மறுநாளிலிருந்து லயமே அப்படி நடந்தது. சோறு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டால்கூட மூன்று தடவை ஆகும்வரை உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பிடித்துப்போயிற்று. எண்ணுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

கஷ்டப்பட்டவர் பெரட்டு எடுக்கிற சூப்பர்வைசர்தான். மழையில் களை வெட்டுகிற வேலை இருந்ததால் காலைப் பெரட்டு நிற்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைக் கூப்பிடுவார். எதிரே பெயருக்கு உரியவர் கல்போல நிற்பார். இரண்டாவது தடவை கூப்பிடுவார். அதே நிலை. "ஏ க்யா தமாஷா ஹை?" என்று கத்துவார். மூன்றாவது தடவை, "இருக்கேன் சாமி" என்று பதில் வரும். முப்பத்தொரு பெயர், தொண்ணூற்று மூன்று கூப்பாடு. நான்காம் நாள் அவருக்குக் குரல் போய்விட்டது. கூலிகள் மௌனப் போராட்டம் நடத்துகிறார்கள் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தார். மேனேஜர் நடுங்கிப்போய், கேட்காமலேயே ஆளுக்கொரு ரப்பர் பூட்ஸ் கொடுத்தார். பயந்தவன் எதைப் பார்த்துப் பயந்தான் என்பதை அவனிடமே கேட்டால்கூடச் சரியாகச் சொல்லமாட்டான்.

இரண்டாவது ஞாயிறு ஆபரேட்டர் அந்த நீளமான நோட்டைத் திறந்தார். வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம், "நாம் போலோ, பேரு சொல்லு, பேரு" என்றார். வரிசை அப்படியே நின்றுவிட்டது.

"எதுக்கு எங்க பேரு?" என்றார் கங்காணி.

"ஆபீஸ்ல காட்டணும்பா. ஒரு ஷோவுக்கு ஐம்பது பேர் வேணும்."

"ஐம்பது பேர எங்க அனுப்பப் போறீங்க?"

ஆபரேட்டர் சிரித்தார். அது பெரிய தப்பு. கங்காணி திரும்பி எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பேர் எழுதுறவன் எவனும் நல்லதுக்கு எழுதினது கிடையாது. உண்மைப் பேரக் குடுக்காதீங்க."

ஆகவே எல்லாரும் பொய்ப் பெயர் கொடுத்தார்கள். செத்துப்போன மாமன், ஊரில் விட்டுவந்த பகையாளி, வாயில் வந்த சாமி. கங்காணி தன்னுடைய பழைய வெள்ளைக்காரத் தொரையின் பெயரைக் கொடுத்தார். ஆபரேட்டர் நிமிர்ந்து அவர் கறுத்த முகத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். என் முறை வந்தது. நான் அண்ணன் பெயரைக் கொடுத்தேன்.

கங்காணிக்குப் பயந்து கொடுத்ததல்ல அது. எனக்கு வேறு கணக்கு. பட்டியலில் பெயர் வந்ததால் நாங்கள் கப்பலேறினோம், வராததால் அண்ணன் ஏறவில்லை. இங்கே ஒருவர் நோட்டும் கையுமாகப் பட்டியல் எழுதுகிறார். அதில் அண்ணன் பெயர் ஏறிவிட்டால், அவனை அனுப்பித்தானே ஆகவேண்டும்? நான்கு ஞாயிறும் அதே பெயரைக் கொடுத்தேன். கடைசி இரண்டு தடவை அவரே என்னைப் பார்த்ததும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணன் வந்து நின்ற பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

கங்காணி எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "நீதான் எதையும் எண்ணிக்கிட்டே இருப்பியே. புகைக்கூடத்துல அவன் என்ன செய்யிறான்னு பாத்து வந்து சொல்லு." புகைக்கூடத்துக்கும் லயத்துக்கும் நடுவே நூற்றுத் தொண்ணூறு தப்படி. தினம் போனேன். ஆபரேட்டர் என்னை விரட்டவில்லை. படச்சுருளைக் கையால் சுற்றிக்காட்டினார். ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்து, "பாரு, இருபத்துநாலு போட்டோ, ஒரு செகண்டுக்கு. எல்லாம் சும்மா நிக்குது. நம்ம கண்ணுதான் அத நடக்க வைக்குது" என்றார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம் உண்டானது. உண்டானதை மறைத்துக்கொண்டு கங்காணியிடம் போய் ஒப்பித்தேன்.

"ஒத்தையா சோறாக்குறாரு. டீக்குச் சக்கரை மூணு ஸ்பூன். கப்பல் எப்ப வரும்னு வெளிய வந்து வந்து பாக்குறாரு. ரெண்டு தடவை தனியா பேசினாரு."

"யார்கூட?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா உங் கண்ணுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

எதைச் சொன்னாலும் அதில் ஒரு குற்றம் இருந்தது. மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு யாரும் அவருக்கு மீன் கொடுக்கவில்லை. நான்காவது ஞாயிறுக்குப் பிறகு தண்ணீர்க் குழாயில் அவர் வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படத்துக்கு மட்டும் தவறாமல் வந்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஐந்தாவது ஞாயிறு அவர் படம் ஓட்டும்போது உட்கார்ந்தபடியே ஓட்டினார். திங்கட்கிழமை நான் எட்டிப் பார்த்தபோது அடுப்பு மூட்டவில்லை. செவ்வாய்க்கிழமையும் மூட்டவில்லை. வெளியே புழுக்கத்தில் எங்களுக்குச் சட்டை ஒட்டுகிறது. அவர் புரொஜெக்டரை மூடுகிற கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தார். துணி நடுங்கியது. உள்ளேயிருந்து பல் அடித்துக்கொள்கிற சத்தம் வந்தது. எண்ண முயன்றேன், எண்ணமுடியாத வேகம். ஓடிவந்து கங்காணியிடம் சொன்னேன்.

கங்காணி எழுந்து கதவைச் சாத்தினார். "எறங்கிருச்சுடா. படத்துல பாத்தமே, அதேதான். இனி அந்தப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது."

கங்காணி எங்களை ஏமாற்றவில்லை. உண்மையாகவே நம்பினார், உண்மையாகவே நடுங்கினார். அது இப்போது புரிகிறது. ஆனால் எனக்கு அன்றைக்கே வேறொன்று தெரிந்திருந்தது. துணிக்குள் நடுங்கிய ஆபரேட்டர் என்னைப் பார்த்து, "தம்பி, பானி" என்று கேட்டிருந்தார். பானி என்றால் தண்ணீர் என்பது அதற்குள் எனக்குத் தெரியும். அதைக் கங்காணியிடம் சொல்லவில்லை. அப்பா அம்மாவிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பெரிய மழை. அப்பா களை வெட்டப் போயிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல், கட்டிப்போன, தேய்ந்த குரல். அது அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

அம்மா கையில் இருந்த பாத்திரம் கவிழ்ந்து அரிசி தரையெல்லாம் சிதறியது. நான் பாய்ந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஒண்ணுதாம்மா ஆச்சு! மூணு ஆகட்டும்!"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இழுத்த இழுப்பில் முந்தானை கிழிந்து இரண்டு நூல் என் நகத்தில் மாட்டியது. தாழ்ப்பாளைத் திறந்தாள். வாசலில் கறுப்புத் துணி மூடிய உருவம், மழை ஒழுக நின்றது. ஐந்து தடவை திரையில் பார்த்த அதே காட்சி. கையில் லாந்தர் மட்டும் இல்லை.

அம்மா, "வந்துட்டியா" என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தை நான் எழுத முடியாது. அதில் பயம் துளியும் இல்லை. பேயாக வந்திருந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான் என்பதுபோல இருந்தது. கையை நீட்டித் துணியை விலக்கினாள். ஆபரேட்டரின் முகம். கண் மஞ்சளாக, உதடு வெடித்து. அம்மாவின் கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட சில இடங்களில் அது ஒன்று. பிறகு, "உள்ள வாய்யா" என்றாள். அவர் வாசற்படியிலேயே சரிந்தார்.

அம்மா வெளியே ஓடி மழையில் நின்று கங்காணியைக் கூப்பிட்டாள். ஒரு கதவும் திறக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மற்ற ஏழு வீட்டிலும் ஆள் இருந்தது, ஏழு வீட்டிலும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவைதான் கங்காணி கதவைத் திறந்தார். அதன் பிறகு அவரைக் குறை சொல்ல முடியாது. களைக்கூடை தூக்குகிற மூங்கிலில் சேலையைக் கட்டி, அவரே ஒரு தலைப்பைத் தோளில் வாங்கி, ஆஸ்பத்திரிவரை ஓடினார்.

கம்பவுண்டர் மலையாளி. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "மலேரியா. நாளைக்கு வந்திருந்தா நான் ஒண்ணும் செய்ய ஏலாது. எத்தனை நாளாச்சு? யாரும் பாக்கலியா?"

எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். கங்காணிக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வயதில் ஒரு பெரியவரும் நானும் சமமாக நின்றது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

மூன்றாவது டப்பா மாறிப்போய் வந்த டப்பா இல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சரியான பேயின் முகத்தைத்தான் ஐந்து ஞாயிறும் திரை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டியது. எண்பத்தாறு கண் பார்த்தும் ஒரு பானையைக்கூட நாங்கள் கவிழ்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சிதறிய அரிசியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அவன் பேரு அந்த ஆளுக்கு எப்புடிடா தெரியும்?"

சொன்னேன். பட்டியல், நோட்டு, நான்கு ஞாயிறு, எல்லாவற்றையும். அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"அப்ப அவரு உன்னத்தான் கூப்புட்டாரு."

"ஆமாம்மா."

"இந்த லயத்துல அவரு உண்மைன்னு நம்பின பேரு அது ஒண்ணுதான்போல" என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து நான்காவது கம்பளியை எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்தாள். என்னிடம் கொடுத்து, ஆஸ்பத்திரியில் போர்த்திவிட்டு வா என்றாள்.

ஆபரேட்டர் பிழைத்தார். ஆறாவது ஞாயிறு படம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மீன் குழம்பு மட்டும் ஐந்து வீட்டிலிருந்து போனது. கப்பல் வந்த அன்று எல்லாரும் கப்பல்துறையில் நின்றோம். அவர் நோட்டைத் திறந்து, "இப்ப சொல்லுங்க, ஒரிஜினல் பேரு" என்றார். ஒவ்வொருவராக வந்து வெட்கத்தோடு திருத்திக்கொண்டார்கள். கங்காணி தன் பெயரைச் சொல்லும்போது, "அந்தத் தொரை நல்லவரு இல்லீங்க, அடிச்சிருங்க" என்றார். துறையே சிரித்தது.

ஆபரேட்டர் அம்மாவைப் பார்த்தார். "மாஜி, பையன் பேரும் கலத்தா, தப்பா எழுதியிருக்கேன். மாத்திடவா?"

அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். "அது எங்கன இருக்குன்னு காட்டுங்க" என்றாள். அவர் விரலை வைத்துக் காட்டினார். அவளும் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"மாத்தாதீங்கய்யா. அவனும் வந்து படம் பாத்ததா இருக்கட்டும்."

அவர் நோட்டை மூடிக்கொண்டார். கம்பளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார், அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. அதைப் போர்த்திக்கொண்டே வெயிலில் கப்பலேறிப் போனார். அதற்குப் பிறகு அவரையும் கம்பளியையும் பார்க்கவில்லை.

அண்ணனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. அந்த நாட்டில் பிறகு நடந்ததெல்லாம் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அம்மா கடைசிவரை கதவுக்குப் பகலில் தாழ்ப்பாள் போட்டதில்லை. சுனாமி அலை வந்த வருஷம் புகைக்கூடமும் போயிற்று, லயமும் போயிற்று. அதற்கு முன்பே அம்மா போய்விட்டாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. போர்ட் பிளேரில் ஏதோ ஒரு அலுவலகத்து அலமாரியில் அந்த நோட்டைக் கரையான் தின்றிருக்கும். தின்னாமல் இருந்தால், என் அண்ணன் இந்த நாட்டுக்கு வந்ததற்கு உள்ள ஒரே சான்று அதுதான். நான்கு ஞாயிற்றுக்கிழமை கட்சாலில் உட்கார்ந்து பேய்ப்படம் பார்த்திருக்கிறான்.

எனக்கு வாய்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் முப்பத்து நான்கு வருஷம் பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன். கூப்பிட்டால் எழுந்து வந்தார்கள், கப்பலேறிப் போனார்கள். கங்காணி உயிரோடு இருந்திருந்தால் என் வீட்டுத் தண்ணீரைக்கூட வாங்கியிருக்க மாட்டார். இரண்டு தடவை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் காத்திருப்பவருக்கு இடத்தைக் கொடுத்துவிடலாம் என்பது அங்கே வழக்கம். நான் ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிட்டேன். "ஸ்கூல் வாத்தியார்" என்று கலாசிகள், கப்பல் வேலையாட்கள், கேலி செய்தார்கள். ஆனால் மூன்றாவது தடவையில் எழுந்து ஓடிவந்தவர்கள் உண்டு. கணக்கு வைத்திருக்கிறேன்: இருநூற்றுப் பதினேழு பேர்.

ஓய்வு பெற்ற அன்று கடைசிக் கப்பலுக்குப் பட்டியல் முடிந்தது. கடைசிப் பெயர்வரை ஆள் ஏறிவிட்டார்கள். நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அண்ணன் பெயரைக் கூப்பிட்டேன். கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

ஏணியருகே நின்ற கலாசி, "சாப், அந்தப் பேரு லிஸ்ட்ல இல்லையே" என்றான்.

"தெரியும்" என்றேன்.

"இன்னொரு தடவை கூப்பிடுவீங்களே?"

கூப்பிடவில்லை. கப்பல் கயிற்றை அவிழ்க்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு தடவைதான் ஆகியிருக்கிறது. மூன்றாவது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.